பதினோராவது சேதி

வேடியப்பன் ஒரு வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தி, "சாப்டீங்களா?" என்று கேட்டால், அந்த வீட்டு ஆள் யாரோ ஒருவர் எங்கேயோ செத்துப்போயிருக்கிறார் என்று அர்த்தம். திருவண்ணாமலையைச் சுற்றிப் பதினைந்து இருபது கிலோமீட்டருக்கு இது தெரியாத ஊர் கிடையாது. முப்பத்தைந்து வருஷம் தந்தி ஆபீசிலிருந்து தந்தி கொண்டுபோய்க் கொடுத்தவர் அவர். அதில் கடைசிப் பதினெட்டு வருஷம் தந்தியை வாங்கி எழுதி அவர் கையில் கொடுத்தவள் கஸ்தூரியாகிய நான். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பொம்பளையின் பேரைக் கெடுத்தோம். அவர் தெரிந்து செய்தார், நான் தெரியாமல் செய்தேன். தெரியாமல் செய்தவளுக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி, அதனால் என் பங்கு ஒன்றும் கம்மி இல்லை.

நல்ல சேதிக்கு அவரிடம் இந்த விசாரிப்பெல்லாம் கிடையாது. வேலை உத்தரவு, ஆண் குழந்தை, கல்யாண வாழ்த்து எதுவானாலும் தெருமுனையிலிருந்தே கூவிக்கொண்டு போவார். சாவுத் தந்தி என்றால் மட்டும் வாசலில் நின்று மழையைப் பற்றிப் பேசுவார், மல்லாட்டைக் கடலை விலை விசாரிப்பார், கடைசியில் சாப்பாட்டுப் பேச்சுக்கு வருவார். ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன்.

"சேதி தெரிஞ்சா மறுநிமிசம் அடுப்ப அணச்சிடுவாங்க மேடம். அப்பறம் எல்லாம் முடிஞ்சி, தல முழுவி, பங்காளி வூட்லேர்ந்து சோறு வந்தாதான் உண்டு. சின்னப் புள்ளைங்கள்லாம் காயும். ரெண்டு வாய் உள்ள போயிட்டா அழறதுக்காவது தெம்பு இருக்கும்ல?"

ஊர்க்காரர்களுக்கும் இது பழகிப்போயிற்று. அவர் கேட்டதுமே விஷயம் புரிந்துவிடும். புரிந்தும் புரியாதவர்கள் மாதிரி உள்ளே போய் நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, கை கழுவிவிட்டு வந்து, "குடுங்க" என்று கை நீட்டுவார்கள். அதற்கப்புறம்தான் அழுகை. அந்த வீட்டில் இவர் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டார். தாமதமாக ஆபீசுக்குத் திரும்புவார், நான் கத்துவேன், தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார். மனுஷன் தங்கம் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

1989, மாவட்டம் பிரிந்த வருஷம். ஆவணி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குள் பம்பாயிலிருந்து இரண்டு தந்திகள் வந்தன. இரண்டும் ஒரே விலாசத்துக்கு. கீழ்பென்னாத்தூருக்கு இந்தப் பக்கம் ஒரு ஊர், சந்திரம்மாள் என்ற விதவை அம்மாளுக்கு. ஊர்ப் பெயரை எழுதப்போவதில்லை, அந்த ஜனங்கள் ஏற்கெனவே பட்டது போதும். முதல் தந்தி முந்தின நாள் கொடுத்த கல்யாண வாழ்த்து. தங்கை சரசுவின் கல்யாணத்துக்கு லீவு கிடைக்காமல் அங்கேயே மாட்டிக்கொண்ட அண்ணன் இருசப்பன் அனுப்பியது. இரண்டாவது, அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர்கள் அனுப்பியது. இருசப்பன் விபத்தில் இறந்துவிட்டான், உடல் ஆஸ்பத்திரியில் இருக்கிறது, புதன்கிழமை வரை வைத்திருப்பார்கள், உடனே புறப்படவும்.

இரண்டையும் என் கையால்தான் எழுதினேன். முதல் தாளில் அவன் தங்கையை வாழ்த்திக்கொண்டிருந்தான், இரண்டாவது தாளில் அவன் இல்லை. வேடியப்பனிடம் கொடுக்கும்போது, "கல்யாண வீடு, பாத்து சொல்லுங்க" என்றேன். அந்த நாலு வார்த்தையை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அன்று அவர் ஆறு மணிக்குத்தான் திரும்பினார். சைக்கிள் செயின் அறுந்துவிட்டது என்றார். ரசீதுச் சீட்டு இரண்டிலும் சந்திரம்மாளின் கைநாட்டு இருந்தது, இரண்டிலும் காலை 9.10 என்று மணி எழுதியிருந்தது. வாங்கி ரசீதுக் கட்டோடு சேர்த்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஆள் கவுண்டருக்கு வந்தார். பெயர் காசி, செத்த பையனின் சித்தப்பா. முகமெல்லாம் தாடி. அன்று ராத்திரி பம்பாய் மெயிலைப் பிடித்திருந்தால் புதன்கிழமை விடியும்போது போய்ச் சேர்ந்திருக்கலாம். இவர்கள் மெட்ராஸ் போவதற்குள் வண்டி போய்விட்டது. மறுநாள் வண்டியில் போய் வியாழக்கிழமை இறங்கியபோது பையனைப் புதைத்தாகிவிட்டது. அந்த மயானத்தில் அன்று ஒரு நாளில் ஆறேழு குழிகள் விழுந்திருந்தன. எது இவனுடையது என்று அவனோடு தங்கியிருந்தவர்களாலேயே அடித்துச் சொல்ல முடியவில்லை. முகத்தையும் பார்க்காமல், ஒரு பிடி மண்ணும் போடாமல் திரும்பி வந்துவிட்டார்கள்.

"தந்தி எத்தினி மணிக்குக் குடுத்தீங்க? எங்க அண்ணி சாயங்காலம் நாலு மணிக்குதான் கைக்கு வந்துச்சின்னு சாதிக்குது" என்றார் காசி.

எனக்குச் சுருக்கென்றது. ஆபீஸ் மேல் பழி போட வந்திருக்கிறான் என்று நினைத்தேன். சீட்டுக் கட்டைப் பிரித்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். "காலைல ஒம்போது பத்துக்கே ரெண்டு தந்தியும் குடுத்தாச்சு. ரெண்டுலயும் உங்க அண்ணி கைநாட்டு வச்சிருக்காங்க. உங்க வூட்டுப் பஞ்சாயத்த வூட்ல போய்த் தீத்துக்குங்க" என்றேன்.

அவர் அந்த இரண்டு கைநாட்டையும் ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் படியிறங்கிப் போய்விட்டார். நான் பெரிய காரியம் சாதித்தவள் மாதிரி அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

அன்றிலிருந்து அந்த ஊரில் கதை முடிவாகிவிட்டது. பந்தலில் வைத்து ஊரே பார்க்கத் தந்தி வாங்கினாள், ஒன்றைக் காட்டினாள், இன்னொன்றை மடியில் செருகிக்கொண்டாள், மகளுக்குத் தாலி ஏறவேண்டும் என்று மகன் சாவை மறைத்தாள். தாலி கட்டுவதற்கு முன்னால் சாவுச் சேதி காதில் விழுந்தால் கல்யாணம் நின்றுவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. சரசுவின் புகுந்த வீட்டில் தீட்டில் கட்டிய தாலி என்று பேசினார்கள். முதல் கர்ப்பம் கலைந்தபோது அதற்கும் அதையே காரணம் சொன்னார்கள். சரசுவும் நம்பினாள். "எங்கண்ணன் மொகத்தப் பாக்க வுடாம பண்ணிட்டியே" என்று ஒரு தடவை தெருவில் நின்று கத்திவிட்டுப் போனவள்தான். அம்மா வீட்டு வாசலை அதற்கப்புறம் மிதிக்கவில்லை. சந்திரம்மாள் ஒண்டியாகக் கழனி வேலைக்குப் போய்க்கொண்டு, கேட்கிறவர்களிடமெல்லாம் நாலு மணி, நாலு மணி என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாளாக ஆகக் கேட்கவும் ஆள் இல்லை.

இதெல்லாம் அரசல்புரசலாக என் காதுக்கும் வந்தது. அடப்பாவி, இப்படியும் ஒரு தாய் உண்டா என்று நானும் சொன்னேன். வேடியப்பன் அப்போது பக்கத்தில் முத்திரை குத்திக்கொண்டிருந்தார்.

இன்னொன்றும் நடந்தது. அந்தக் கல்யாணம் நடந்த வாரமே அவருடைய காக்கிச் சட்டையின் இடது பையைத் தைத்து மூடிவிட்டார். புதுச் சட்டை கொடுத்தாலும் முதல் வேலையாக அந்தப் பையைத் தைத்துக்கொண்டுதான் போடுவார். பேனா, சீப்பு, பஸ் டிக்கெட் எல்லாம் கால்சட்டைப் பையில்தான். "அதுக்குள்ள என்ன புதையலா வச்சிருக்கீங்க?" என்று பத்து வருஷமாகக் கிண்டல் பண்ணியிருக்கிறேன். சிரிப்பார். 1998இல் ரிட்டயர் ஆன அன்று மாலை போட்டுப் படம் எடுத்தார்களே, அதிலும் பை மூடித்தான் இருக்கிறது.

2000 ஜனவரி மாதம் ஒரு அம்மாள் கவுண்டரில் வந்து நின்றார். ஐம்பது வயது இருக்கும். பேன்ட், சட்டை, நெற்றியில் பெரிய குங்குமம். பெயர் லோகாம்பாள் படையாச்சி, லோகி என்று கூப்பிடச் சொன்னார். தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்தில் பள்ளிக்கூட ஆசிரியை. ரமணாசிரமத்துப் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருந்தார். சாமி கும்பிட வந்தவர் என்று நினைத்தேன். அவர் பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து வைத்து, இந்த ஊர்களெல்லாம் எங்கே இருக்கின்றன என்று இங்கிலீஷில் கேட்டார்.

அவருடைய கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்ட வேலைக்கு மெட்ராசில் கப்பலேறிப் போனவர். இந்தத் தாலுக்காவிலிருந்து அவரோடு போனவர்களில் பதினொரு பேர் கரை இறங்கி ஒன்பது நாளைக்குள் காய்ச்சலில் செத்துப்போனார்கள். அவர் பிழைத்தார். பிழைத்தவர் சாகும்வரை ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் பதினொரு இலை போட்டுச் சோறு படைத்தாராம். அவருக்குப் பிறகு மகன், பேரன் என்று அந்த வீட்டில் அது நிற்கவில்லை. பெயர்கள் மட்டும் மறந்துபோயின. யாருக்கென்று தெரியாமலே இலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சின்ன வயதில் அந்த இலைகளைத் தாண்டிப் போக எனக்குப் பயம். பெயர் தெரியாத ஆட்கள் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று நினைப்பேன். பெரியவளான பிறகு, அவர்கள் யார் என்று கேட்காமல் இருப்பதுதான் மரியாதைக் குறைவு என்று பட்டது" என்றார் லோகி.

ஆறு வருஷம் சனிக்கிழமை தோறும் பழைய பதிவேடுகளைப் புரட்டியிருக்கிறார். புதைத்தவர்களைப் பற்றிய ஏட்டில் பெயரே கிடையாது, எண்ணும் தேதியும் மட்டும். கப்பலேறியபோது கழுத்தில் கட்டிய தகட்டு எண். அந்த எண்ணைக் கப்பல் பட்டியலில் தேடிப் பிடித்தால் அங்கே பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர் எல்லாம் இருக்கிறது. இப்படி ஒவ்வொன்றாகப் பொருத்திப் பதினொரு பேரையும் எடுத்துவிட்டார். வீட்டில் சொல்லிவிட்டுப் போகவேண்டும், அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. நூற்று நாலு வருஷமாக இந்த வீடுகளுக்குச் சேதி போகவில்லையே என்றார்.

சேதி சொல்வது என்றால் எனக்கு ஒரே ஒரு ஆளைத்தான் தெரியும். சொல்லி அனுப்பினேன். வேடியப்பன் வந்தார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நான் தமிழில் எழுதிக் கொடுத்த பட்டியலை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். கடைசி வரியில் விரல் நின்றுவிட்டது. பிறகு தாளை மடித்துக்கொண்டு, "பத்து பேர் வூட்டக் கண்டுபுடிச்சிடலாம் மேடம்" என்றார்.

பதினோராவது வரியை நான் அப்போதுதான் நிதானமாகப் பார்த்தேன். நானே எழுதியதுதான், ஆனால் எழுதும்போது உறைக்கவில்லை. இருசப்பன், வயது 24, தகப்பன் பெயர் முனியன். ஊர், சந்திரம்மாளின் ஊர். அந்த வகையறாவில் தலைமுறைக்கு ஒரு இருசப்பன் உண்டு, குலசாமி பேர். அது தெரிந்திருந்தும் அந்த வரியை மறுபடியும் மறுபடியும் படித்தேன். அதே பெயரில், அதே ஊருக்கு, இரண்டாவது சாவுத் தந்தி.

இரண்டு வாரம் பத்து ஊர் சுற்றினார்கள். அவர் சைக்கிளில், லோகி பின்னால் ஆட்டோவில். ரிட்டயர் ஆன மனுஷன் காக்கிச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். நானும் லீவு நாட்களில் கூடப் போனேன். ஒவ்வொரு வாசலிலும் முதலில் அதே கேள்விதான், சாப்டீங்களா. சின்னவர்களுக்குப் புரியவில்லை, சிரித்தார்கள். வயசானவர்கள் காக்கிச் சட்டையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் உள்ளே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். ஒரு வீட்டில், "நூறு வருசத்துக்கு முந்தி செத்தவனுக்கு இப்ப இன்னா பண்ணச் சொல்றீங்க?" என்று ஒரு ஆள் எகிறினான். அவன் மனைவி பின்பக்கம் போய்த் தலையில் ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்துக்கொண்டு ஈரச் சேலையோடு வந்து நின்றாள். கோயில் குருக்கள் சம்பந்தமூர்த்தியிடம் லோகி கேட்டபோது அவரும் அதைத்தான் சொல்லியிருந்தார். சேதி காதில் விழுந்த நாள்தான் கணக்கு, தலை முழுகினால் போதும். வாரிசு யாரும் மிஞ்சாத இரண்டு பேருக்கு ஊர் மாரியம்மன் கோயில் வாசலில் நின்று பெயரையும் தகப்பன் பெயரையும் உரக்கச் சொன்னார் வேடியப்பன். கேக்கறவங்க கேட்டுக்கட்டும் என்றார்.

ஆனால் ஆள் நாளுக்கு நாள் இளைத்தார். என்னவென்று கேட்டேன்.

"கேரியர்ல யாரோ ஒக்காந்த மாதிரியே இருக்குது மேடம். மிதிக்க முடியல. ஒரு வூட்ல சொல்லிட்டா கொஞ்சம் எறங்குது. பத்து சொல்லியாச்சு, இன்னும் ஒரு ஆளு எறங்க மாட்டேங்கறான்."

"பதினோராவது வூட்டையும் சொல்லிட வேண்டியதுதானே?"

அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்.

மறுநாள் தைப்பூசம். வல்லாள மகாராஜாவுக்குப் பிள்ளை இல்லை, அண்ணாமலையாரே பிள்ளையாக இருந்து அவருக்குக் காரியம் செய்கிறார் என்பது எங்கள் ஊர் வழக்கம். தைப்பூசத்தன்று குளத்தில் தீர்த்தவாரி முடிந்து சாமி திரும்பும்போது ராஜா செத்துப்போன சேதியைப் படிப்பார்கள். அந்த நிமிஷமே மேளமும் நாதஸ்வரமும் நின்றுவிடும். சாமி ஊமையாகக் கோயிலுக்குத் திரும்பும். லோகிக்குக் காட்டலாம் என்று கூட்டிக்கொண்டு போனேன். வேடியப்பனும் வந்தார். அதுவரை காதைப் பிளந்த மேளம் சட்டென்று நின்றது. தெருவில் அவ்வளவு ஜனம் இருந்தும் பல்லக்குத் தூக்கிகளின் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது.

வேடியப்பன் என் பக்கம் திரும்பினார். "சாமிக்கே கையோட சொல்லிடறாங்க மேடம். நைவேத்தியம் ஆச்சானு யாரும் கேக்கல" என்றார். பிறகு அந்த இடத்திலேயே, கூட்டத்தில் நின்றபடி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

கல்யாணத்தன்று ஒன்பது பத்துக்குப் பந்தலுக்குப் போயிருக்கிறார். சந்திரம்மாள் எதிரே ஓடிவந்து, "எம் புள்ள தந்தி அடிச்சிருக்கானா?" என்று கேட்டிருக்கிறார். வாழ்த்தை நீட்டினார். இரண்டு சீட்டிலும் கைநாட்டு வாங்கிக்கொண்டார். மற்றதை இடது பையில் வைத்தார். தாலி ஏறட்டும் என்று நினைத்தார். ஏறியது. சரி, ஜனங்கள் சாப்பிடட்டும் என்று நினைத்தார். சாப்பிட்டார்கள். பொண்ணு மாப்பிள்ளை கிளம்பட்டும் என்று நினைத்தார். நாலு மணிக்குக் கொல்லைப்பக்கம் பாத்திரம் ஒதுக்கிக்கொண்டிருந்த சந்திரம்மாளின் கையில் காகிதத்தைத் திணித்துவிட்டு, நிற்காமல் சைக்கிளை மிதித்துவிட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அங்கேயே நாலு அறை அறைந்திருப்பேன். "பத்து வருசம்! ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே!" என்று கத்தினேன். மேளம் இல்லாத தெருவில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் சீட்டுக் கட்டைக் காசியின் முகத்துக்கு நேரே நீட்டிய என் கை எனக்கு ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த நாள் காலை மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். வேடியப்பனின் சட்டையைப் பார்த்தேன். இடது பையின் தையலைப் பிரித்திருந்தார், நூல் பிசிறு தெரிந்தது. பட்டியலை அந்தப் பையில்தான் வைத்திருந்தார்.

சந்திரம்மாள் வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். காக்கிச் சட்டையைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"யாரு? சரசுவா?" என்றார்.

"இல்லம்மா, சரசு நல்லா இருக்குது. இது பழைய சேதி." வேடியப்பன் சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை. தாளை எடுத்து அப்படியே படித்தார். "இருசப்பன், தகப்பன் பேரு முனியன், வயசு இருவத்தி நாலு. கப்பல்ல போயி, கரை எறங்கி மூணாம் நாளு காய்ச்சல்ல எறந்துட்டாரு. நூத்தி நாலு வருசம் ஆவுது."

பக்கத்து வீட்டிலிருந்து காசி வந்துவிட்டார். "கப்பலுக்குப் போன இருசப்பன்! எங்க பாட்டன் சொல்லுவாரு" என்று தோளில் இருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"எங்க பொதச்சாங்க?" என்று கேட்டார் சந்திரம்மாள்.

லோகிக்கு அந்த அளவு தமிழ் புரிந்தது. ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். ஒரு மதில், கொஞ்சம் புல், ஓரத்தில் ரோடு. "இங்கே, இங்கே" என்று விரலை வைத்தார். சந்திரம்மாள் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு அந்தப் புல்லைத் தடவிப் பார்த்தார்.

"நூறு வருசம் ஆனவருக்கே எடம் தெரிஞ்சிபோச்சு. எம் புள்ளைக்குத்தான் தெரியல."

"காலைலயே தந்திய வெளிய எடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றார் காசி. கோபம்கூட இல்லை அவர் குரலில். பத்து வருஷமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிப்போயிருந்தது.

"அந்த அம்மா மேல தப்பு இல்லங்க" என்றார் வேடியப்பன். "தந்தி எங்கிட்டதான் இருந்துச்சு. இந்தப் பையில. ஒம்போது பத்துலேர்ந்து நாலு மணி வரைக்கும். கல்யாணம் நின்னுடக் கூடாதுன்னு வச்சிக்கினு இருந்தேன்."

"யோவ், கைநாட்டு இருந்துச்சே?"

"ஒண்ணுக்குன்னு சொல்லி ரெண்டுக்கு வாங்கினேன்."

"நானும் சீட்டப் பாத்துட்டுத்தான் பேசினேன். இவங்கள ஒரு வார்த்த கேக்கல" என்றேன்.

காசி வேடியப்பனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "பென்சன் கைக்கு வந்ததுக்கப்பறம் வந்து சொல்றியா?" வேடியப்பன் கையைக்கூட உயர்த்தவில்லை. லோகி என்ன நடக்கிறது என்று என் முகத்தைப் பார்த்தார்.

"வுடுங்க கொழுந்தனாரே" என்றார் சந்திரம்மாள். வேடியப்பன் எதிரில் வந்து நின்றார். "பந்தியில ஒக்காந்து சாப்ட்டியே. நான்தான் உனக்குப் பாயசம் ஊத்தினேன். அவன் வாழ்த்த எல்லாரும் கேக்கட்டும்னு உன்ன ரெண்டு தடவ படிக்கச் சொன்னேன். அப்ப அவன் உம் பையிலதான் இருந்தானா?"

"ஆமாம்மா."

"நானும் அன்னிக்கு நல்லா சாப்ட்டேன்" என்றார் அவர். "அதுக்கப்பறம் அப்பிடி ஒரு நாளும் சாப்ட்டதில்ல."

அது வசவா, வேறு ஏதாவதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. வேடியப்பன் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். கையெடுத்துக் கும்பிட்டார்.

"எங்கிட்ட எதுக்கு சொல்ற? நாலு மணின்னு எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்ட போய் சொல்லு" என்றார் சந்திரம்மாள். பிறகு கப்பலுக்குப் போன இருசப்பனுக்காகத் தலை முழுகக் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

அந்தத் தெருவில் நாற்பத்து மூன்று வீடு. ஒவ்வொரு வாசலிலும் போய் நின்று அவர் சொன்னார், நானும் சொன்னேன். சில பேர் திட்டினார்கள். ஒரு கிழவர் கீழே துப்பினார். பாதிப் பேர் கதவைச் சாத்தினார்கள், பத்து வருஷம் தாங்கள் பேசியது அவர்களுக்கு ஞாபகம் வந்திருக்கும். மறுநாள் சரசுவின் புகுந்த ஊருக்குப் போனோம். சரசு கடைசி வரை கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அடுப்பில் தண்ணீர் ஊற்றும் சத்தம் மட்டும் வந்தது.

லோகி ஊருக்குக் கிளம்பும்போது, பையனைப் புதைத்த இடத்தைப் பம்பாய்க்கு எப்படி எழுதிக் கேட்பது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். எந்த நாள், எந்த ஆஸ்பத்திரி, என்ன வயது, யார் எடுத்துப் போனார்கள், எல்லாவற்றையும் எழுது, பதில் வராவிட்டால் மறுபடியும் எழுது. ஏழு கடிதம் எழுதினேன். பதினான்கு மாதம் ஆயிற்று. 2001 ஏப்ரலில் வேங்கிக்காலில் என் வீட்டுக்கு ஒரு ரிஜிஸ்டர் தபால் வந்தது. மயானப் பதிவேட்டின் ஒரு பக்கம், நகல் எடுத்தது. புதன்கிழமை, இருசப்பன், வயது 24, மதராசி. வரிசை எண், குழி எண். நூற்று நாலு வருஷத்துக்கு முந்தியவனுக்கும் இருபத்து நாலுதான் என்பது அப்போது எனக்கு ஞாபகம் வந்தது.

வேடியப்பனுக்குச் சொல்லி அனுப்பினேன். விடிந்ததும் வந்து நின்றார். காப்பி கொடுத்தேன், வேண்டாம் என்றுவிட்டார். முதல் பஸ்ஸில் போனோம்.

சந்திரம்மாள் வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதன் முன்னால் உட்கார்ந்து களி கிண்டிக்கொண்டிருந்தவள் சரசு. வேடியப்பன் வாசலில் நிற்கவில்லை, மழையைப் பற்றியும் பேசவில்லை. நேராகப் போய்த் தாளை நீட்டி, "உங்க புள்ள இருக்கற எடம் தெரிஞ்சிபோச்சும்மா" என்றார். சரசு துடுப்பை வைத்துவிட்டு எழுந்து அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

நான் படித்துக் காட்டினேன். சந்திரம்மாள் இரண்டாவது தடவையும் படிக்கச் சொன்னார். படித்தேன். பிறகு அந்தத் தாளை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். பானைக்கு அடியில் கட்டைவிரலைத் தேய்த்துக் கரியாக்கிக்கொண்டு வந்தார்.

"கைநாட்டெல்லாம் வேணாம்மா, இது வெறும் தபால்தான்" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. தாளின் ஓரத்தில் விரலை அழுத்தி எடுத்தார். அதை வேடியப்பனிடம் நீட்டினார்.

"மணி எழுது" என்றார். "இப்ப இன்னா மணியோ அத எழுது."

வேடியப்பன் இடது பையிலிருந்து பேனாவை எடுத்தார். கடிகாரத்தைப் பார்த்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். காலை ஏழு இருபது என்று எழுதினார்.